பாதி இசைத்தட்டில் கைதட்டியது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் இடது முட்டியை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் வாலுவும் அந்தக் குளிருக்கு ஈடுகொடுத்து நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். கடிதம் எழுதி எத்தனையோ வருடமாகிறது. மூன்று பேனாக்களை உதறிப் பார்த்துவிட்டு நாலாவதால் எழுதுகிறேன். ஃபோன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். ஃபோனைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, இந்த வருடம் லீவுக்கு வர முடியாது என்று என்னிடம் சொன்னாய். நான் "ரொம்ப நல்லதும்மா, சந்தோஷம்" என்றேன். அன்றிலிருந்து நீ அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய். அப்பா குத்திக்காட்டுகிறார் என்று நினைத்திருப்பாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். நீ சொன்னது என் காதில் விழவில்லை பாப்பா. ஏதோ நல்ல சேதி சொல்கிறாய் என்று நினைத்து, வழக்கம்போல ஒரு பதில் சொன்னேன். எந்தச் சேதிக்கு அந்தப் பதிலைச் சொன்னேன் என்பதே எனக்குப் போன சனிக்கிழமைதான் தெரிந்தது, நீ ஏற்பாடு செய்திருந்த அந்த ஒருநாள் சுற்றுலாவில். அதனால் அந்த நாளை முதலிலிருந்து சொல்கிறேன். அவசரப்படாமல் படி.

ஐந்து பேருக்கென்று நீ பதிவு செய்த வண்டி. இரண்டு பேர் ஏறினோம். காலை ஏழரைக்கே வாசலில் வந்து நின்றுவிட்டது, சாம்பல் நிறம், உள்ளே புது ரப்பர் வாசனை. சீட்டுக்குச் சீட்டு ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள், வாலுவுக்கென்று ஒரு சின்ன பாட்டில் கூட. அம்மா அதை மட்டும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டிரைவர் வாயே திறக்காத மனிதர், அம்மா பத்தே நிமிடத்தில் அவருக்கு மௌனகுரு என்று பெயர் வைத்துவிட்டாள். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று, காரணம் உனக்கு இனிமேல் புரியும். கைடு ஒரு சின்னப்பெண். உன்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். மடியில் ஒரு கோப்பு. ஏறியதிலிருந்து பேச்சு. முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பேசினாள், முடி காற்றில் வாயை மறைத்துக்கொண்டே இருந்தது. வாய் தெரியாவிட்டால் எனக்குப் பாதி போச்சு. நான் என் வழக்கப்படி சமாளித்தேன். அம்மா சிரித்தால் சிரிப்பது. அம்மா முகம் சுருங்கினால் உச்சுக் கொட்டுவது. இரண்டுமில்லாவிட்டால் "அப்படியா". இந்த ஒரு சொல்லை ஏற்றியும் இறக்கியும் நான் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறேன் என்றால் நம்புவாயா.

முதலில் போனது ஒரு இசையமைப்பாளர் வாழ்ந்த வீடு. இறந்து எண்பது வருடமாம், அதைச் சுவரில் எழுதி வைத்திருந்ததால் எனக்குத் தெரியும். செருப்புக்கு மேலே துணி உறை மாட்டிக்கொண்டு மரப்படியில் ஏற வேண்டும். மேலே மூன்று அறை. அவர் எழுதிய மேசையில் மைக்கறை அப்படியே இருக்கிறது, கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள். "கறைக்குக் கண்ணாடி போடுற உத்தியோகமும் ஒண்ணு உண்டு பாருங்க, நான் துடைச்ச கறைக்கெல்லாம் யார் போட்டா" என்றாள் அம்மா. இது அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும், அப்போது நான் "அப்படியா" என்றேன். பக்கத்துக் கட்டிடம் இசைப்பள்ளி. ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. ஒரு பெண் வயலின் வாசிப்பது தெரிந்தது. கை மேலும் கீழும் போய்வந்தது. அவ்வளவுதான், கை மட்டும். கீழ்த்தளத்தில் யாரோ பெரிய தந்தி வாத்தியம் ஒன்றை இழுத்தார்கள், அது கேட்டது, நெஞ்சுக்குள் கேட்டது. ஒரே சுவர், ஒரே வெளிச்சம், ஒரு ஜன்னலில் ஒலி இருக்கிறது, ஒன்றில் இல்லை. நான் அங்கேயே நின்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தை ரசிக்கிறேன் என்று கைடு நினைத்துக்கொண்டாள்.

கடைசி அறையில் ஒரு பழைய இசைத்தட்டைப் போட்டுக் காட்டுவார்கள். நாற்காலி போட்டு எங்கள் இருவரையும் மட்டும் உட்கார வைத்தார்கள், கோடீஸ்வரர் மாதிரி. அவரும் அவர் மனைவியும் சேர்ந்து வாசித்ததாம், அவர் அந்தப் பெரிய வாத்தியம், அந்தம்மாள் வயலின். ஆரம்பம் நன்றாகக் கேட்டது பாப்பா. நிஜமாகவே கேட்டது. எனக்குக் கண் கலங்கியது, இசையினாலா கேட்கிறதே என்பதாலா தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்ல இறங்கி நின்றது. நான் கொஞ்சம் பொறுத்தேன். அப்புறம் எழுந்து நின்று பலமாகக் கைதட்டி "அருமை" என்றேன். யாரும் தட்டவில்லை. கைடு பெண் விழித்தாள். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏங்க, இன்னும் முடியலைங்க, அந்தம்மா இப்பதான் வாசிக்கிறாங்க" என்றாள், அதை வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். திரும்பிப் பார்த்தேன். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி பாதி வழியில். முப்பது வருடம் இயந்திரத்தோடு இருந்தவனுக்கு ஊசியும் தட்டும் பொய் சொல்லாது என்று தெரியும். இன்னும் பாதி அங்கே நடந்துகொண்டிருந்தது. நான் உட்கார்ந்து, ஊசி நடுவுக்கு வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் மறுபடி தட்டவில்லை. கைடு நல்ல பெண், "சில பேர் இங்க தூங்கிடுவாங்க சார், கைதட்டினது எவ்வளவோ தேவலை" என்றாளாம்.

வண்டியில் அம்மா என் பக்கத்தில் உட்காராமல் பின் சீட்டுக்குப் போய்விட்டாள். கோபம் போலிருக்கிறது என்று நான் முன்னால் பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் டிரைவரின் தோள் குலுங்குவது தெரிந்தது. மௌனகுரு சிரிக்கிறார். என்ன நடந்தது என்றால், உன் அம்மா பின்னாலிருந்து மெதுவான குரலில், "இந்த மனுஷனுக்கு மண்டையில ஒண்ணுமில்ல, கல்யாணத்தன்னிக்கே தெரியும்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஏதோ சொல்கிறாள் என்பது மட்டும் தெரிந்து நான் தலையாட்டியிருக்கிறேன். "இவரை இங்கயே இறக்கி விட்டுட்டுப் போயிடலாமா" என்று கேட்டிருக்கிறாள். அதற்கும் தலையாட்டியிருக்கிறேன். அதற்குமேல் அவள் சிரிக்கவில்லை, கைடுதான் சொன்னாள், அம்மா வாயைப் பொத்திக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க சார் என்று.

அருவிக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். ஆளுக்கொரு மஞ்சள் மழைச்சட்டை கொடுத்தார்கள், இரும்புக் கைப்பிடி போட்ட படிகள், எல்லாம் வழுக்கல். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினாள், கைடு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாதியிலேயே சத்தம் காலில் ஏறியது. அடியில் போய் நின்றபோது, பாப்பா, அது அருவி இல்லை, எங்கள் அச்சகத்தின் பெரிய இயந்திரம் முழு வேகத்தில் ஓடுகிற மாதிரி. எலும்புக்குள் அதே அதிர்வு. சுற்றிப் பார்த்தேன். அங்கே நின்ற நாற்பது ஐம்பது பேரும் காதில் கையை வைத்து, கழுத்தை நீட்டி, என்ன என்ன என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கைடு கோப்பை மூடிவிட்டாள். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. நான் தினமும் இருக்கிற இடத்துக்கு எல்லோரும் வந்து சேர்ந்திருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

அப்போது அம்மா கையை உயர்த்தினாள். உனக்குத் தெரியுமோ தெரியாதோ, நாங்கள் இருவரும் அந்த அச்சகத்தில்தான் அறிமுகமானோம், நான் இயந்திரத்தில், அவள் பத்திரிகை மடிக்கிற பகுதியில். அந்தச் சத்தத்தில் யாரும் வாயால் பேச முடியாது, எல்லாம் கைச்சாடைதான். தலையில் கையை வைத்தால் மேலாளர் வருகிறார். மணிக்கட்டைத் திருப்பினால் எவ்வளவு நேரம் ஆகும். முப்பது வருடமாக அவள் அதைச் செய்து நான் பார்க்கவில்லை. நனைந்த மஞ்சள் சட்டையில் நின்றுகொண்டு மணிக்கட்டைத் திருப்பினாள். பிறகு தன் காதைத் தொட்டாள். நான் மூன்று விரலைக் காட்டினேன். மூன்று மாதமா என்று முகத்தால் கேட்டாள். இல்லை என்றேன். ஏன் சொல்லவில்லை என்பதற்கு எங்கள் சாடையில் இடமில்லை, அச்சகத்தில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இரண்டு முழங்கையையும் குறுக்கே வைத்துக் காட்டினாள். தாள் கிழிந்துவிட்டது, இயந்திரத்தை நிறுத்து என்று அர்த்தம். அதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் நிறுத்தியே ஆக வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. நான் நிறுத்தினேன். அழுதேனா என்று கேட்காதே, எல்லோர் முகத்திலும் தண்ணீர்தான். மௌனகுரு மேலே நின்று அதைப் படம் பிடித்திருக்கிறார். படத்தில் இரண்டு பேர் நடனம் ஆடுகிற மாதிரி இருக்கிறது. அதை உனக்கு அனுப்பும்படி உன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

வண்டிகள் நிற்குமிடத்தில் ஒரு டீக்கடை. அங்கே அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, நீ அன்றைக்குச் சொன்னதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னாள். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் இத்தனை நாள் என்னிடம் கேட்கவில்லை என்றேன். "வீம்புக்குச் சொன்னீங்கன்னு நெனச்சேன், அதனாலதான் பன்னெண்டு நாள் உங்ககூட நான் பேசல" என்றாள். பன்னிரண்டு நாள். எனக்குத் தெரியவே இல்லை பாப்பா. முட்டி வலியில் வாய் குறைந்திருக்கிறது என்று நினைத்து தைலம் வாங்கிக் கொடுத்தேன். கைடு டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள், நானும், இந்த முறை யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஏன் மறைத்தேன் என்று நீ கேட்பாய். அச்சகத்தில் எனக்கு முன்னால் இருந்த போர்மேனுக்குக் காது போய்விட்டது. நாங்கள் அவரைச் சுவர் என்று கூப்பிடுவோம், அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே. அந்தப் பெயரை வைத்தது நான். அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார், நாங்கள் ஏதோ நல்லது சொல்கிறோம் என்று. அந்தச் சிரிப்பு என் முகத்தில் வருவதை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். காதுக்கு மூடி கொடுத்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். மாட்டினால் இயந்திரத்தின் கோளாறு கேட்காது என்று இழுப்பறையில் போட்டுவிட்டோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணனோடு மட்டும் ஃபோனில் நன்றாகப் பேசுகிறார் என்று நீ அம்மாவிடம் வருத்தப்பட்டாயாம். அவன் குரல் கனத்த குரல், பீப்பாய் உருட்டுகிற மாதிரி, அது எனக்கு விழுகிறது. முதலில் போவது மெல்லிய குரல்கள்தானாம், டாக்டர் ஃபோனில் அண்ணனிடம் சொன்னார். உன் குரல் அந்த வயலின் பக்கம். நீ பேசும்போது நீ இருக்கிறாய் என்பது மட்டும் தெரியும். அதற்காகவே ஃபோனைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பேன், பிறகு மாட்டிக்கொள்வேனோ என்று அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அது ஒதுக்கம் இல்லை.

புதன்கிழமை காது டாக்டரிடம் போகிறோம். அண்ணன் கூட வருகிறான். கருவி வைத்தாலும் பழையபடி வராது, கொஞ்சம் வரும் என்கிறார்கள். கொஞ்சம் போதும். நீ வாலுவின் காதைப் பார்த்துக்கொள், அந்த இயர்ஃபோனைக் காதுக்குள்ளேயே சொருகிக்கொண்டு திரிகிறான் என்று அம்மா சொல்கிறாள், பிடுங்கி வை, திட்டினால் தாத்தா சொன்னார் என்று சொல். மாப்பிள்ளையின் புது வேலைக்கு என் ஆசீர்வாதம். அதை விட்டுவிட்டு வர முடியாது என்பதும் இப்போது புரிகிறது. நீ கெட்டிக்காரி, நீ எடுத்த முடிவு தப்பாக இருக்காது. ஆனாலும் நீ அன்று சொன்னதற்கு என் பதிலை இப்போது எழுதுகிறேன், முழுதும் கேட்டுவிட்டு, யாரையும் பார்த்துக் காப்பியடிக்காமல். நீ வராதது எனக்கு நல்லதில்லை. சந்தோஷமும் இல்லை. அந்த வண்டியில் மூன்று சீட்டு நாள் முழுவதும் காலியாக வந்தது. வர முடியாவிட்டால் பரவாயில்லை, நான் வருத்தப்பட்டுக்கொள்கிறேன், அப்பாவுக்கு அந்த அளவுக்குப் பாத்தியதை உண்டு.

மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் காது கொடுத்து நீண்ட நாள் வாழ வேண்டும். அந்தச் சுற்றுலாக்காரர்கள் உனக்குத்தான் மின்னஞ்சல் அனுப்புவார்களாம், எப்படி இருந்தது என்று கேட்டு. கைடு பெண்ணைப் பற்றியும் மௌனகுருவைப் பற்றியும் நாலு நல்ல வார்த்தை எழுதிவிடு, மறந்துவிடாதே. எனக்குக் கடிதமாகவே பதில் போடு. பெரிய எழுத்தாக எழுத வேண்டாம், கண் நன்றாகத்தான் இருக்கிறது.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அப்பா