வீட்டம்மா என்ன சொன்னாங்க?

மார்ச் 4, செவ்வாய்

இது அவருடைய டைரி. அவர் வேலை பார்த்த, லாரி எடை போடுகிற எடைமேடையில் வருஷா வருஷம் ஒன்று கொடுப்பார்கள். ஒரு வரி எழுத மாட்டார், பத்திரமாக பீரோவில் வைப்பார். இந்த வருஷத்து டைரியை அவர் போன பிறகு கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நல்ல காகிதம், வீணாகப் போக வேண்டாமே என்று எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸ் எழுத்து. யார் பார்க்கப் போகிறார்கள்.

பட்டறையில் இன்று பெரிய லாரித் தார்ப்பாய். மூலை தைக்கும்போது கோணி ஊசி இரண்டு தடவை ஒடிந்தது. முதலாளி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து யாருமே என்னை ஒன்றும் சொல்வதில்லை. ஒரு தடவை திட்டினால்கூட நல்லா இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் போனை சார்ஜில் போட்டேன். தினமும் போடுகிறேன். "எதுக்கும்மா? யார் கூப்பிடப் போறா?" என்று மகள் கேட்டாள். தெரியலை. அணைஞ்சு போகக் கூடாது, அவ்வளவுதான்.

மார்ச் 7, வெள்ளி

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் போன் மணி அடித்தது. கழுவிய தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். "எட்டாவது கப்பல் – அத்தியாயம் 49" என்று இருந்தது.

வெள்ளிக்கிழமைக் கதை! எப்படி மறந்தேன்? இத்தனை வாரமும் அடித்திருக்கும், காதிலேயே விழவில்லை.

போனில் வாராவாரம் வரும். அந்தக் காலத்து ராஜா ஒருத்தர் எட்டுப் போர்க்கப்பல் அனுப்புகிறார். திரும்பும்போது புயல். ஏழு கரை சேர்ந்துவிட்டது. எட்டாவது மட்டும் திசை தப்பி நடுக்கடலில் அலைகிறது. அதில் இருக்கிற நாற்பது பேர் கதைதான். போன வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமை ஆனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார், ஆளுக்கொரு குரல் வைத்து. நான் கீழே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே கேட்பேன்.

"இதுங்களாவது ஊர் திரும்பறதாவது" என்பேன்.

"வரும் பாரு" என்பார்.

41 வரை படித்தார். 42 வந்த வெள்ளிக்கிழமை காலையில்தான், எடைமேடையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

கப்பல் வந்ததா இல்லையா என்று தெரியாமலே போய்விட்டார். நானாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

42-ஐத் திறந்தேன். எழுத்துக்கூட்டி, விரல் வைத்து. அரைப் பக்கத்தில் கண்ணெல்லாம் தண்ணீர். எழுத்து சின்னதாக இருந்ததால்தான் என்று மகளிடம் சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

மகள் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாள். 42, 43 முடித்தேன். 43 முடிந்த பிறகும் விரலை விடாமல் கீழே தள்ளிக்கொண்டே போனேன். கதைக்குக் கீழே ஜனங்கள் எழுதுகிற இடம் இருக்கிறது. எனக்கு அது தெரியாது. அவர் இந்த இடத்தைப் படித்துக் காட்டியதே இல்லை.

அங்கே ஒருத்தர்: "எடைமேடை அண்ணனைக் காணோமே? இந்த வாரம் வீட்டம்மா என்ன சொன்னாங்க?"

இன்னொருத்தர்: "ஆமா, வீட்டம்மா தீர்ப்பு வராம கதை முடிஞ்ச மாதிரியே இல்லை."

எந்த வீட்டம்மா? மகளைக் கூப்பிட்டேன். அவள் பழைய அத்தியாயங்களைத் திறந்தாள். ஒவ்வொன்றுக்கும் கீழே "எடைமேடை" என்ற பெயரில் ஒருத்தர். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி ஆரம்பம்: "என் வீட்டம்மா சொல்றாங்க."

"என் வீட்டம்மா சொல்றாங்க: புயல்ல எப்படி அடுப்பு எரியும்? அன்னைக்கு எல்லாருக்கும் பட்டினிதான்."

"என் வீட்டம்மா சொல்றாங்க: கப்பல் தலைவனுக்கு வாய் நீளம், யோசனை குட்டை."

"என் வீட்டம்மா சொல்றாங்க: பாய் தைக்கிறவன்தான் அந்தக் கப்பல்லயே உருப்படியான ஆள். அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் கேக்க மாட்டேன்."

நான் சொன்னது. அத்தனையும் நான் சொன்னது! துணி மடிக்கும்போது வாய்க்கு வந்தபடி சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் போட்டிருக்கார். அடுப்பு விஷயத்துக்குக் கதைக்காரரே பதில் எழுதியிருக்கிறார்: "வீட்டம்மா சொன்னது சரி. அடுத்த வாரம் எல்லாரையும் பட்டினி போட்டுவிடுகிறேன்." அடுத்த வாரம் பட்டினி வந்தது, நன்றாக ஞாபகம் இருக்கு. "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று குதித்தேன். மனுஷன் மீசைக்குள்ளே சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்.

கள்ளன். முப்பது வருஷம் கூட இருந்த கள்ளன்.

மார்ச் 10, திங்கள்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

சாப்பாட்டு நேரத்திலெல்லாம் படித்து 49 வரை வந்துவிட்டேன். இன்று 50.

புயலில் கிழிந்த பெரிய பாய்க்குப் பாய் தைக்கிறவன் ஒட்டுப் போட்டான் இல்லையா, அது காற்று ஏறியதும் மறுபடி கிழிந்துவிட்டது. கப்பல் பாறையில் உரசி மூன்று பேர் செத்துப் போனார்கள். எதிரியிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே கெடுத்தான் என்று தலைவன் அவனைப் பாய்மரத்தில் கட்டிவைத்திருக்கிறான். விசாரணை வரப்போகிறது. கீழே முந்நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். "துரோகி." "கடலில் தள்ளுங்கள்." "முதல்லயே சந்தேகப்பட்டேன்." ஒருத்தராவது அவன் பக்கம்? இல்லை.

துரோகியா? அவனா? எனக்கு மனசு ஒப்பவில்லை. அவன் ஒட்டுப் போட்ட இடத்தை, 46-ஐ, மறுபடி எடுத்துப் படித்தேன். "எறும்பு வரிசைபோல் நெருங்கிய தையல்" என்று இருக்கிறது. இன்று வந்ததில், "கோடு போட்டாற்போல் நேராகக் கிழிந்தது."

அட! இது எனக்குத் தெரியுமே!

பட்டறையில் சேர்ந்த புதிதில் நானும் இதேதான் செய்தேன். முதலாளிக்குப் பயந்து, பிரிந்துவிடக் கூடாது பிரிந்துவிடக் கூடாது என்று நெருக்கி நெருக்கித் தைத்தேன். நாலே நாளில் லாரி திரும்பி வந்தது. தையல் ஓட்டை வழியாகவே தபால்தலை கிழிகிற மாதிரி கிழிந்திருந்தது. முதலாளி சொன்னது இன்னும் காதில் இருக்கு: "நீ தைக்கலம்மா. கிழிக்கறதுக்குக் கோடு போட்டுக் குடுத்திருக்க."

அவன் துரோகி இல்லை. பயந்திருக்கான், அவ்வளவுதான்.

மார்ச் 16, ஞாயிறு

"சொல்லும்மா, நான் அடிச்சுத் தரேன்" என்றாள் மகள். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்க காலைப்பொழுது முழுக்கப் போனது. இதுதான் எழுதினேன்:

"நான் எடைமேடையின் வீட்டம்மா. அவர் ஜனவரி 17 அன்று காலமாகிவிட்டார். அதனால் வர முடியவில்லை. மன்னிக்கவும். பாய் தைக்கிறவன் துரோகி இல்லை. 46-ல் தையலைப் பாருங்கள். ஓட்டை நெருங்கினால் துணி தாங்காது. அது பயந்தவன் தையல். நான் தார்ப்பாய் தைக்கிறவள். நானும் அப்படித் தைத்திருக்கிறேன்."

மன்னிக்கவும் என்று ஏன் போட்டேன்? லீவு லெட்டர் எழுதின பழக்கம்.

"காலமாகிவிட்டார்" என்று நான் எழுதியது இதுதான் முதல் தடவை. எட்டு எழுத்து. கால் மணி நேரம்.

மார்ச் 17, திங்கள்

நூற்றுக்கும் மேலே பதில். முகம் தெரியாத ஜனங்கள். "அண்ணன் எழுதினதைப் படிக்கத்தான் நான் கீழேயே வருவேன்" என்று ஒரு பெண். யாரோ ஒருத்தர், கப்பல் வரும் வரைக்கும் ஒரு இடம் அவருக்காகக் காலியாக வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார். பட்டறை வாசலிலேயே நின்று படித்தேன்.

அப்புறம் "கொடிமரம்" என்ற பெயரில் ஒருத்தர்: "வருந்துகிறேன். ஆனால் லாரித் தார்ப்பாய் வேறு, போர்க்கப்பல் பாய் வேறு. தையல் நெருங்க நெருங்க உறுதி என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது நல்லது."

ஓஹோ? எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமா விரல்ல ஊசி ஏறி ஏறிக் காய்ச்சுப் போயிருக்கு, எனக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும்! ஒரு முழம் துணி எடுத்து ஒரு தையல் போட்டிருப்பாரா இந்த ஆள்? கொடிமரமாம். கொடியைக் காணோம், வெறும் மரம்தான் நிக்குது.

கோபத்தில் இரண்டு தட்டு சாப்பிட்டேன். மகள் ஒரு மாதிரி பார்த்தாள். இத்தனை வாரத்தில் இன்றுதான் பசித்தது.

மார்ச் 19, புதன்

முதலாளியிடம் போய் நின்றேன். "பழைய பருத்தி கேன்வாஸ் ரெண்டு துண்டு வேணும். கப்பல் விஷயம்."

"என்னம்மா விஷயம்?"

முழுக்கதையும் சொன்னேன். பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்தவர்களும் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவரே எழுந்து போய் பரணிலிருந்து ஒரு சுருள் எடுத்து வந்தார். "கிழிக்கக் கோடு போட்டவ நீயாச்சே. மறுபடியும் போட்டுக் காட்டு."

இரண்டு துண்டையும் நடுவில் வெட்டினேன். மெழுகு தடவிய நூல், ஒரே ஊசி. ஒன்றில் எறும்பு வரிசை. இன்னொன்றில் விரல் அகலம் விட்டு, எப்போதும் தைக்கிற மாதிரி. லாரி டிரைவர் தம்பி இரண்டையும் வண்டிக்குப் பின்னால் கம்பு நட்டுக் கட்டினான்.

"அக்கா, என் லாரியக் கப்பலாக்கிட்டீங்களே! இனிமே என்னைக் கேப்டன்னுதான் கூப்பிடணும்."

"போற வழியில ஏதாவது பாறையில மோதிடாத, கேப்டன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மார்ச் 21, வெள்ளி

கேப்டன் மத்தியானம் வந்து சேர்ந்தான். ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். எல்லோரும் வாசலுக்கு ஓடினோம்.

எறும்பு வரிசை – கோடு போட்டது போல் மேலிருந்து கீழ் வரை பிளந்து, பாதி கம்பில், பாதி காற்றில். இன்னொன்று ஓரத்தில் கொஞ்சம் நூல் பிரிந்ததோடு சரி. தையல் அசையவில்லை.

முதலாளி இரண்டையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தக் கொடிமரத்துக்கு அனுப்பும்மா" என்றார். மகள் படம் எடுத்துப் போட்டுக்கொடுத்தாள். கீழே நான் ஒரே வரி எழுதினேன்: "கொடிமரம் ஐயா, பாருங்க."

ஆறு மணிக்கு 51 வந்தது. விசாரணை தொடங்கிவிட்டது. பாய் தைக்கிறவன் வாயே திறக்கவில்லை. தீர்ப்பு அடுத்த வாரமாம்.

மார்ச் 22, சனி

மகள் போனுக்கு ஒரு அழைப்பு. என்னிடம் கொடுத்தாள். பெண் குரல்.

"அக்கா, நான் எட்டாவது கப்பல் பேசறேன்."

"யாரு, கப்பலா?"

கதைக்காரர் ஒரு பெண்! தனியாக எழுதிக் கேட்டு மகளிடம் நம்பர் வாங்கினாளாம். நாங்க எல்லாம் ஐயா, ஐயா என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆஸ்பத்திரியில் பழைய கேஸ் கட்டு அடுக்குகிற வேலையாம். நீங்க கப்பல்ல போயிருக்கீங்களா என்று கேட்டேன். "கடலையே ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன் அக்கா. கால் நனைச்சதோட சரி."

அப்புறம் குரல் இறங்கிப் போச்சு. "அவன் துரோகின்னு முதல்லயே முடிவு பண்ணிட்டேன். அவனைக் கடல்ல தள்ற அத்தியாயம் எழுதியே வெச்சிருக்கேன். நெருக்கமான தையல்னு அழகுக்காகத்தான் எழுதினேன். நீங்க போட்ட படத்தைப் பாத்ததும் அவனை எனக்கே தெரியலைன்னு ஆயிடுச்சு. அவனுக்கு அப்ப கை எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க."

சொன்னேன். பயந்தவன் கை ஓட்டைமேல் ஓட்டையாகத்தான் போடும். கண்ணு முன்னாடி இருக்கிற ஒரு விரக்கடைதான் தெரியும், பாய் முழுசும் தெரியாது. ஒட்டுக்கு மூலையை வட்டமாக வெட்டவேண்டும், சதுரமாக விட்டால் காற்று அங்கே நகம் வைக்கும். எல்லாம் எழுதிக்கொண்டாள்.

கடைசியில் கேட்டுவிட்டேன். "கப்பல் வருமா?"

"அதை இப்ப சொல்லக் கூடாதே அக்கா."

"அப்போ சொல்லாத. வெள்ளிக்கிழமை பாத்துக்கறேன்."

மார்ச் 28, வெள்ளி

52.

விடுதலை! கடலில் தள்ளப் போகிற நேரத்தில் துடுப்புக்காரன் ஒருவன் எழுந்து கிழிந்த பாயைத் தூக்கிக் காட்டுகிறான். "இது காசு வாங்கினவன் தையல் இல்லை. நம்ம நாற்பது பேரும் செத்துப் போயிடுவோமேன்னு பயந்தவன் தையல்." பாய்மரத்தில் இரண்டு துண்டு கட்டிக் காற்றில் விடுகிறார்கள். வாய் நீளமான அந்தத் தலைவன் தன் கையாலேயே கட்டை அவிழ்க்கிறான்.

கீழே ஆயிரம் பேர். கைதட்டுகிற படமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்கு நடுவில் கொடிமரம்: "அம்மா, நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஊசி பிடித்ததே இல்லை. உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு நானே இரண்டு துண்டு தைத்துப் பார்த்தேன். தோற்றுவிட்டேன். சந்தோஷமாகத் தோற்றுவிட்டேன்."

சரி, நல்ல மனுஷர்தான். "விரலில் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் போட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

பட்டறையில் எல்லோருக்கும் கதை வேண்டுமாம், முதல் அத்தியாயத்திலிருந்து. சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்தேன். நான்! ஏழு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். இடையில் திணறினால் யாரும் சிரிக்கவில்லை. தலைவனுக்கு மட்டும் அவர் வைத்த அதே மூக்குக்குரல் வைத்தேன்.

இன்று முதலாளி என்னைத் திட்டினார். மணி அடித்த பிறகும் படித்துக்கொண்டிருந்தேனாம். அப்பாடா.

ஏப்ரல் 11, வெள்ளி

54. கரை தெரிகிறது போலவும் இருக்கிறது, மேகம் போலவும் இருக்கிறது. சனியன், அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

வந்துடுச்சு.

எட்டாவது கப்பல் வந்துடுச்சுங்க. பாதிப் பாயோட, விரல் அகலம் விட்ட தையலோட, மூலை வட்டமா வெட்டின ஒட்டோட. முப்பத்தேழு பேர்.

நீங்க சொன்னீங்க. வரும் பாருன்னு சொன்னீங்க.

ஏப்ரல் 25, வெள்ளி

புதுக் கதை ஆரம்பம். இந்தத் தடவை முத்துக் குளிக்கிறவர்கள் படகு. நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். கேட்கிறேன் என்றெல்லாம் சொல்லாமல் மகள் கீழே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

பாதியில், தலையைத் தூக்காமலே சொன்னாள்: "இந்தப் படகுக்காரனுக்கு மூச்சு நிறைய, மூளை கம்மி."

படித்து முடித்தேன். அவள் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும், கதைக்குக் கீழே போய் எழுத்து எழுத்தாக அமுக்கினேன்:

"என் மகள் சொல்றா."