ஞாயிற்றுக்கிழமைக்கான வினைச்சொல்

ஓகஸ்ட் 7, வியாழன்

வாசிகசாலை ஆங்கில வட்டத்தில் பதினேழாம் திகதி பேச ‘பேர்க்’ என்ற வினைச்சொல்லை எடுத்திருக்கிறேன். அரிய சொல். இப்போது யாரும் பாவிப்பதில்லை. ஒரு மனிதனின் பெயரிலிருந்து வந்தது. 1828இல் எடின்பரோவில் பேர்க் என்பவனும் ஹெயர் என்ற கூட்டாளியும் ஆட்களைக் கொன்று, உடல்களை உடற்கூறு படிப்பிப்பவருக்கு விற்றார்கள். காயம் இருந்தால் கேள்வி வரும். அதனால் கையாலோ தலையணையாலோ வாயையும் மூக்கையும் பொத்தி மூச்சை நிறுத்தினார்கள்; அதுவே சொல்லின் முதற்பொருள். மறுவருடத் தொடக்கத்தில் பேர்க்கைத் தூக்கிலிட்டபோது, கூடிநின்றவர்கள் அவன் பெயரையே வினையாக்கிக் கத்தினார்களாம். ஹெயர் அரச சாட்சியாகித் தப்பிவிட்டான். அவன் பெயரில் வினை இல்லை.

சொல்லின் பொருள்களைக் காலவரிசையில் வைப்பதா, பயன்பாட்டு வரிசையிலா? காலவரிசையே பாதுகாப்பு.

ஓகஸ்ட் 9, சனி

இரண்டாம் பொருள்: ஒரு விசாரணையை, ஒரு விவாதத்தைச் சத்தமில்லாமல் அமுக்கிவிடுதல். சில வருடங்களிலேயே சொல்லிலிருந்து கொலை கழன்றுவிட்டது; கனவான்கள் பாராளுமன்றத்தில் கூச்சமின்றிப் பாவித்தார்கள். மூன்றாவது, இந்தியப் பொலிஸ் ஆங்கிலத்தில்: முறைப்பாட்டைப் பதியாமல் விடுதல். ஒரு சொல் இவ்வளவு சீக்கிரம் இரத்தத்தைக் கழுவிக்கொள்ளுமா? — மிகையான வாக்கியம். பேச்சில் வேண்டாம்.

கச்சான் காற்று. வீடு முழுக்கப் புழுதி.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

பின்தெரு றபீக்கா மௌத்தாகிவிட்டார். எழுபது கடந்த விதவை. சுபஹுத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் அறிவித்தார்கள். இரவு நெஞ்சு நோவு வந்ததென்று கூட இருக்கும் தம்பி மகன் நளீர் சொன்னான். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மையித்தைக் குளிப்பாட்ட வழமைபோல என் மனைவி சபியா உம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். போய் வந்தவள் சாப்பிடவில்லை.

ஓகஸ்ட் 11, திங்கள்

இன்றும் சாப்பிடவில்லை. என்னவென்று கேட்டேன்.

“மையித்தில கண்டத வெளிய சொல்லப்படாது எண்டுதானே எங்களுக்குச் சொல்லித் தந்த.”

வற்புறுத்தவில்லை. அசர் தொழுகைக்குப் பிறகு அவளாகவே வந்து என் மேசையருகே நின்றாள்.

“கண்ணுக்குள்ள சிவப்புப் புள்ளி புள்ளியா இருந்திச்சு. உதட்டுக்கு உள்பக்கம் பல்லுப் பட்டுக் கிழிஞ்சிருக்கு. வெளிய ஒரு கீறல் இல்ல.”

என் குறிப்புகள் மேசையில் விரிந்து கிடந்தன. மூடினேன்.

அந்த வீட்டில் பாதி றபீக்காவுக்கு, பாதி கூடவே இருக்கும் தங்கை லைலாவுக்கு. லைலாவுக்குக் கண் தெரியாது. நளீர் விற்கச் சொல்லிக் கரைச்சல் கொடுத்ததும், இருவரும் மறுத்ததும் தெருவே அறிந்த கதை.

நான் கற்பனை செய்கிறேனா? ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டிருப்பவனுக்குக் காண்பதெல்லாம் அதுவாகத் தெரியலாம். ஆனால் சபியாவுக்கு அந்தச் சொல் தெரியாதே.

ஓகஸ்ட் 13, புதன்

ஜவாத் மௌலவியிடம், எங்கோ வேறோர் ஊரில் நடந்ததுபோல் சொல்லிக் கேட்டேன். தாடியைத் தடவினார்.

“மறைக்கச் சொன்ன மையித்துட குறைய, சேர். செஞ்சவன்ட குற்றத்த இல்ல.” வாசல்வரை வந்து, “எந்த ஊரெண்டு நான் கேக்கல்ல,” என்றார்.

ஓகஸ்ட் 14, வியாழன்

நளீர் வந்தான். ஒரு சீப்பு வாழைப்பழம். கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“மாமி, வடிவாக் குளிப்பாட்டினீங்களாம். அல்லாஹ் கூலி தருவான்.” என் பக்கம் திரும்பிச் சிரித்தான். “மையித்துக் கழுவுறவங்கட வாய்க்குப் பூட்டு இருக்காமே, சேர்?”

“ஓம்,” என்றேன். ஓம் என்றேன்! ஏன் சொன்னேன்?

எழுந்து போகும்போது சொன்னான்: “இப்ப லைலா மாமியும் நெஞ்சு நோகுது எண்டுறா. பெரிய மாமிக்கும் இப்பிடித்தான் தொடங்கின.”

பழத்தை சபியா கோழிக்குப் போட்டுவிட்டாள்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

ஞாயிறு பேச்சுக்கு வேறு சொல் எடுத்தேன். தோட்டக்கலைச் சொல், யாருக்கும் நோகாது. நேர்த்தியாகப் பிரதி எடுத்து முடித்த பிறகுதான் உறைத்தது — ‘பேர்க்’கின் இரண்டாம் பொருளை நானே செய்திருக்கிறேன்.

சபியாவிடம் சொன்னேன். அவளுக்கு அகராதியில் அக்கறை இல்லை.

“அடுத்த மையித்தையும் நான்தான் கழுவணுமா?” என்றாள்.

ஓகஸ்ட் 16, சனி

இருவரும் பொலிஸுக்குப் போனோம். சபியாதான் கதைத்தாள். உத்தியோகத்தர் மரியாதையாகவே கேட்டார். “வயசாளிட மௌத்து, சேர். அடக்கியும் போட்டாங்க. ஊருக்குள்ள ஏன் பிரச்சினை?” கடைசிவரை பேனையைத் தொடவில்லை. இப்படித்தான் மூன்றாம் பொருள் இருக்கும்.

திரும்பும் வழியில் சபியா சொல்லாமல் கொள்ளாமல் பின்தெருவுக்குத் திரும்பினாள். நளீர் நாவிதன்வெளியில் வெள்ளாமை வெட்டுக்குப் போயிருந்தான்.

“ராத்தா, எங்கட வீட்ட வந்து இரிங்க. எனக்கும் துணை வேணும்.”

லைலா ஏன் என்று கேட்கவில்லை. செருப்பைத்தான் தேடினார்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

வட்டத்துக்குப் போகவில்லை. காரைதீவுக்குப் போனோம், சட்டத்தரணி தர்சிகாவிடம். என்னிடம் படித்தவள். நான் மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் எடின்பரோவுக்குப் போய்விட்டேன்.

“சேர் கொஞ்சம் தண்ணி குடிங்க,” என்றாள். “அம்மா கண்டத அம்மாவே சொல்லட்டும்.”

சபியா சொன்னாள்.

ஓகஸ்ட் 20, புதன்

நளீர் கேற்றடியில் நிற்கிறான். உள்ளே வருவதில்லை. “லைலா மாமிய எப்ப அனுப்புவீங்க, சேர்?” என்று தெருவுக்கே கேட்கக் கேட்கிறான். நல்லவன்போல.

ஓகஸ்ட் 28, வியாழன்

மையித்தைத் தோண்டிப் பரிசோதிக்க நீதிமன்றம் கட்டளையிட்டிருக்கிறது. அடுத்த வாரம். ஊரில் பாதிப்பேர் எனக்கு ஸலாம் சொல்வதில்லை. மண்ணுக்குள் ஒன்றும் தெரியாமல் போயிருந்தால்? பிழை செய்துவிட்டோமா?

லைலா இன்றுவரை றபீக்கா மௌத்தான அந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இத்தனை நாளும் கையில் தலைவைத்து வெறும் பாயில் படுத்தார். மதியம் சபியா ஒரு தலையணையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். லைலா அதை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்தபடி முன்வாசல்வரை நடந்து, அதை வெளியே போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். சபியா என்னைக் கையமர்த்திவிட்டு, தர்சிகாவுக்குக் கோல் எடுத்தாள்.