ஊசியா, களிம்பா

ஜூன் 4

என்னங்க,

நான் நலம். நீங்களும் நலம்தான்னு எழுத ஆசை. ஆனா இப்ப அதுதானே கேள்வியா இருக்கு.

ஞாயித்துக்கிழமை போன்ல ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுட்டு வச்சிட்டீங்க. "கம்பெனி டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்தாரு. எனக்கு ஹார்மோன் கம்மியாம். மருந்து ஆரம்பிக்கணுமாம். நீ என்ன சொல்ற?" நான் வாயைத் திறக்குறதுக்குள்ள, "சரி, அப்புறம் பேசலாம்". அப்புறம் நான் கூப்பிட்டா, எது கேட்டாலும் "ம்". உங்க "ம்"மைக் கேக்கத்தான் நான் போனுக்குக் காசு கட்டுறேனா? அதான் எழுதுறேன். கடுதாசியை நடுவுல கட் பண்ண முடியாது பாருங்க. அஞ்சாங்கிளாஸ் எழுத்துதான். பொறுத்துக்கிட்டுப் படிங்க.

என்ன சொல்றேன்னு கேட்டீங்கல்ல? வேண்டாம். அதான் சொல்றேன்.

என்ன ஹார்மோன்னு எங்க லாண்டரியில நெட்டச்சியைக் கேட்டேன். விரிப்பு மடிக்கையில எனக்கு எதிர்முனை பிடிக்கிறவ அவதான். "அது ஆம்பளைங்களுக்கான சத்துக்கா. குறைஞ்சா ஒரே சோர்வு, தூக்கம் வராது, எதுலயும் பிடிப்பு இருக்காது, எரிஞ்சு எரிஞ்சு விழுவாங்க"ன்னா. "அடியே, இதெல்லாம் எனக்கும்தான் இருக்கு, அப்ப எனக்கும் அது கம்மியா?"ன்னேன். சிரிச்சிட்டா. அப்புறம் என் முன்னாடி சிரிச்சதுக்கு வெக்கப்பட்டு விரிப்பால மூஞ்சியை மறைச்சுக்கிட்டா. இந்த ஒரு வருஷமா எல்லாரும் என் முன்னாடி இப்படித்தான் இருக்காங்க.

பெத்த பொண்ணைப் பறிகொடுத்திருக்கோம். தூக்கம் வரலைன்னா அது வியாதியா? சோறு இறங்கலைன்னா குறையா? இறங்கினாத்தாங்க குறை. இருபத்திரண்டு வயசுப் பிள்ளை, நமக்கு மட்டும் இன்னும் பாப்பா. ஸ்கூட்டர்ல வேலைக்குப் போனவளை லாரியால அடிச்சு ரோட்டுல போட்டுட்டுப் போனான். பெத்த அப்பன் சோர்ந்து உக்காந்திருக்காரு. இதைக் கண்டுபிடிக்க ரத்தம் எடுக்கணுமா? என்னைக் கேட்டிருந்தா ஒரு சொட்டு எடுக்காம நான் சொல்லியிருப்பேன்.

அந்த டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க. என் வீட்டுக்காரருக்குக் குறைஞ்சு போனது ஹார்மோன் இல்ல, மக.

குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுது. லீவுல வந்தப்ப பாக்குறேன்னீங்க. பாக்கல.

பாப்பாம்மா
(தெருவுல இன்னும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. நான் மாத்திக்கிறதா இல்ல.)


ஜூன் 12

அன்புள்ள மனைவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபமாக எழுதியிருக்கிறாய். கோபப்படவாவது உன்னால் முடிகிறதே என்று இருந்தது.

உன்னிடம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. என்னைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். போன மாதம் ஒருநாள் மேலே கேபினில் இருந்தேன். கண்டெய்னர் பெட்டி பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே இருந்து சிக்னல்காரன் கையைக் காட்டுகிறான், கத்துகிறான். எனக்குக் கேட்கிறது, புரிகிறது, ஆனால் கை நகரவில்லை. மயக்கம் இல்லை. நகர்த்தத் தோன்றவில்லை, அவ்வளவுதான். யாருக்கும் அடி இல்லை. அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் அனுப்பினார்கள். இப்போது கேட் அறையில் உட்கார்ந்து, வந்து போகிற லாரிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறேன்.

நீ சொன்னதையே நானும் டாக்டரிடம் சொன்னேன், மகள் இறந்துவிட்டாள், அதனால்தான் என்று. அவர் மறுக்கவில்லை. "துக்கமும் இருக்கு, இதுவும் இருக்கு. ஒரே வீட்டுல ரெண்டு பேர் குடியிருக்கிறது இல்லையா?" என்றார். இன்னொரு நாள் வெறும் வயிற்றில் வரச்சொல்லி மறுபடி ரத்தம் எடுத்தார். அப்போதும் குறைவுதான். தலைக்குள் சின்னதாக ஒரு சுரப்பி இருக்கிறதாம், அது சரியாக உத்தரவு போடவில்லையாம். படம் எடுத்துப் பார்த்தார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. அவள் போவதற்கு முன்பே இது ஆரம்பித்திருக்கலாம் என்கிறார்.

அடுத்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. நாற்பத்தொன்பது வயதில் இதையெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது. லீவுக்கு வரும்போதெல்லாம் உன் பக்கம் திரும்பாமல் படுத்தேன் அல்லவா? அதற்கும் இதுதான் காரணம். திரும்பி, ஒன்றுமில்லாமல் போனால், உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று இருந்தது.

மருந்து இரண்டு விதம். ஒன்று களிம்பு. தினமும் காலையில் குளித்துவிட்டு இரண்டு தோளிலும் தடவ வேண்டும். பெண்கள் மேல் அது படக்கூடாதாம். கழுவாமல் நீ அந்த இடத்தைத் தொடக்கூடாது, சாயக்கூடாது. இன்னொன்று ஊசி. எனக்கும் ஊசிக்கும் உள்ள உறவு உனக்குத் தெரியும்.

மூன்று நான்கு மாதத்தில் தெம்பு வரும், உற்சாகம் வரும் என்கிறார். ரத்தம் கெட்டியாகாமல் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டுமாம். ஆரம்பித்தால் தொடர்ந்து எடுக்க வேண்டி வரலாம், நன்றாக யோசித்துச் சொல் என்றார். யோசித்தேன். எனக்கு உற்சாகம் எதற்கு? யாரிடம் கொண்டுபோய்க் காட்ட? நீ சொன்னபடியே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

குழாய்க்கு வாஷர் மாற்றினால் போதும்.

இப்படிக்கு,
உன் கணவன்


ஜூன் 17

என்னங்க,

அன்புள்ள மனைவியாமே! அது யாருங்க? பேங்க் மேனேஜருக்கு லோன் கேட்டு எழுதுற மாதிரி. கல்யாணமான புதுசுல கூட நீங்க எனக்கு அப்படி எழுதினதில்ல. கடுதாசி முழுக்கத் தேடிட்டேன், பாப்பான்னு ஒரு எடத்துல கூட எழுதல நீங்க. "அவள்". பக்கத்து வீட்டுக்காரியா அவ?

சரி, அதை விடுங்க. முதல்ல நீங்க சுவர் பக்கம் திரும்பிப் படுத்த கதை.

ஒரு வருஷமா, நீங்க லீவுல வர்றப்பெல்லாம், நான் உங்க முதுகைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன். அந்த முதுகுல இருக்கிற மச்சத்தையெல்லாம் பேர் வச்சுக் கூப்பிடலாம் நான். நீங்க எதுக்குத் திரும்பினீங்கன்னு நான் நினைச்சேன் தெரியுமா? சாவிக்காக. அன்னிக்குக் காலையில தூறல். பாப்பா ஸ்கூட்டர் சாவியைக் காணாம வீட்டைப் புரட்டிப் போட்டுக்கிட்டிருந்தா. நான்தான் அடுப்பு மேடையிலேர்ந்து எடுத்து, "இந்தாடி, நேரமாகுது"ன்னு கையில குடுத்தேன். இதை உங்ககிட்ட ஆஸ்பத்திரியில சொன்னேன். அதுக்கப்புறம் நீங்க சுவர் பக்கம் திரும்பிட்டீங்க. "சாவியை நீ குடுக்காம இருந்திருந்தா"ன்னு அந்த முதுகு ராத்திரியெல்லாம் என்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

லீவுல வந்தப்ப வீட்டு விரிப்பை மடிக்க உங்ககிட்ட ஒரு முனையைக் குடுத்தேன். நான் என் முனையோட உங்க கிட்ட நடந்து வரேன், நீங்க பாதியில கீழ விட்டுட்டுப் போய்ட்டீங்க. என் கை படுறதே பிடிக்கலைன்னு நினைச்சேன். அந்த விரிப்பை மடிக்காமலே வச்சிருந்தேங்க, சுருட்டி, பீரோ மேல. இப்ப பாத்தா கிரேன்ல கை நின்ன மாதிரிதான் அன்னிக்கும் நின்னிருக்கு. எனக்கு என்ன தெரியும்? ஜோசியமா பாக்குறேன்?

இப்ப இன்னொண்ணு கேளுங்க. உங்க தங்கச்சி வந்திருந்தா. நீங்க அவ வீட்டுக்காரர்கிட்ட வாய் விட்டிருக்கீங்க போல. வந்து உக்காந்தவ காப்பி ஆறுற வரைக்கும் பொறுக்கல.

"அண்ணி, அண்ணனுக்கு இந்த வயசுல இதெல்லாம் தேவையா? ஊர் என்ன சொல்லும்? பொண்ணைப் பறிகுடுத்துட்டு அவருக்கு இளமை ஊசி கேக்குதான்னு சிரிக்காது?"

அந்த நிமிஷம் வரைக்கும் நானும் வேண்டாம்னுதாங்க இருந்தேன். ஆனா நான் எழுதினதையே அவ வாயால கேக்குறப்ப எனக்கே பிடிக்கல.

"நீ சர்க்கரைக்குத் தினம் ஊசி போடுறியே, அதை எந்த ஊரைக் கேட்டுப் போட்ட?"

"அது வியாதி அண்ணி."

"இதுவும் வியாதிதான்."

"ஐயோ அண்ணி, அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஏன், இடுப்புக்கு மேல வந்தா வியாதி, கீழ வந்தா சிரிப்பா? சிரிக்கிற ஊரை இங்க வரச் சொல்லு. பதினோரு மாசமா ஒருத்தரும் வரல. சிரிக்கிற சாக்குலயாவது நாலு பேர் வந்து உக்காரட்டும்."

காப்பியை அப்படியே வச்சிட்டுப் போய்ட்டா. கோவம்தான். ரெண்டு நாள்ல சரியாயிடுவா, நீங்க ஒண்ணும் சமாதானம் பேச வேண்டாம்.

அவ போனப்புறம் உக்காந்து யோசிச்சேன். வண்டி வாங்கிக் குடுத்தது நீங்க. சாவி எடுத்துக் குடுத்தது நான். நீங்க உங்களைப் பிடிச்சு அடிச்சுக்கிறீங்க, நான் என்னை. அடிச்சவன் எங்கேயோ வேற லோடு ஏத்திக்கிட்டுப் போறான். நாம ரெண்டு பேரும் அவனுக்கு வக்கீல் வேலை பாத்துக்கிட்டிருக்கோம், அதுவும் ஃபீஸ் வாங்காம. நான் இனிமே பாக்க மாட்டேன். வேலைக்குப் போற பிள்ளைக்கு வண்டி வாங்கிக் குடுத்தது தப்பில்ல. நேரமாகுதுன்னு தவிக்கிற பிள்ளைக்குச் சாவி எடுத்துக் குடுத்தது தப்பில்ல. யார் வந்து கேட்டாலும் சொல்வேன். நீங்க கேட்டாலும் சொல்வேன்.

வேண்டாம்னு எழுதினதை அடிச்சிடுங்க. மருந்தை ஆரம்பிங்க. ஒரே வீட்டுல ரெண்டு பேர் குடியிருக்காங்கன்னு உங்க டாக்டர் சொன்னாருல்ல? துக்கம் இருந்துட்டுப் போகட்டும், அது நம்ம ஆளு. இன்னொருத்தனைக் காலி பண்ணச் சொல்லுங்க.

வாஷர் நானே மாத்திட்டேன். இப்ப முன்னைவிட ஜோரா சொட்டுது.

பாப்பாம்மா


ஜூன் 24

பாப்பாம்மாவுக்கு,

எழுதிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை எழுத ஒரு காகிதம் வீணாயிற்று.

சாவி விஷயம் நீ ஆஸ்பத்திரியில் சொன்னது எனக்குக் காதிலேயே விழவில்லை. உன் கடிதத்தில்தான் முதல் தடவையாகப் படிக்கிறேன். நானோ, மழைக்காலத்தில் ஸ்கூட்டர் வேண்டாம் என்று நீ சொல்லச் சொல்லக் கேட்காமல் வாங்கிக் கொடுத்தவன். உன் முகத்தில் அதைப் பார்க்க வேண்டாம் என்றும்தான் சுவர் பக்கம் திரும்பினேன். ஆக, உடம்பு பாதி, பயம் பாதி.

இன்னொரு பயமும் இருக்கிறது. சொன்னால் திட்டாதே.

நேற்று கேட்டில் ஒரு லாரி டிரைவர் தன் மாமியாரைப் பற்றி ஏதோ சொன்னான். சிரித்துவிட்டேன். சத்தமாக. அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு லாரிக்காரன் சொல்லி நான் சிரித்திருக்கிறேன், பாப்பாம்மா. மருந்து இல்லாமலே இப்படி. மருந்து போட்டு உடம்பு தேறினால் தினமும் சிரிப்பேன். நன்றாகச் சாப்பிடுவேன், தூங்குவேன். ஒருநாள் காலையில் எழுந்து பாப்பாவை நினைக்காமலே பல் தேய்த்துவிட்டால்? இந்தச் சோர்வு இருக்கிறவரைக்கும் அவள் என் கூடவே இருக்கிற மாதிரி இருக்கிறது. இதையும் கொடுத்துவிட்டால் என்னிடம் என்ன இருக்கும்?

மேலே கேபினில் இருந்தபோது லாரியெல்லாம் தீப்பெட்டி மாதிரி இருக்கும். இங்கே கீழே ஒவ்வொன்றுக்கும் முகம் இருக்கிறது, ஹாரன் இருக்கிறது. மழை பெய்தால் எழுந்து உள் அறைக்குப் போய்விடுகிறேன். சீட்டுக்காக வரிசை நிற்கிறது.

திங்கட்கிழமை டாக்டர் முடிவாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார். நீ ஆரம்பி என்கிறாய், ஆரம்பிக்கிறேன். ஆனால் களிம்பு என்றே சொல்லிவிடட்டுமா? வலி இல்லை. பெண்கள் மேல் படக்கூடாது என்றாலும் எனக்கென்ன, இங்கே தனியாகத்தானே இருக்கிறேன். என் தோளில் யார் சாயப் போகிறார்கள்?

வாஷரைத் தலைகீழாகப் போட்டிருப்பாய்.

பாப்பாவின் அப்பா


ஜூன் 27

என்னங்க,

இதைக் கூரியர்ல அனுப்புறேன். உங்க கைக்கு முன்னாடியே வந்து சேரணும். எதுக்கு முன்னாடின்னு கடைசியில சொல்றேன்.

ஆமா, தலைகீழாத்தான் போட்டிருந்தேன். நீங்க ரொம்பப் பெருமைப்பட்டுக்காதீங்க, வாஷர் போட உங்களுக்கும் பாப்பாதான் சொல்லிக் குடுத்தா.

சிரிச்சிட்டேன்னு அழுறீங்களே. பாப்பா எதுக்கெல்லாம் சிரிப்பான்னு மறந்துட்டீங்களா? உங்க ஜோக்குக்கே சிரிச்ச பிள்ளைங்க அவ. அந்த மாமியார் ஜோக்கை அவகிட்ட சொல்லியிருந்தா தரையில உருண்டிருப்பா. லாரிக்காரன் சொன்னானேன்னு பாக்குறீங்க. எல்லா லாரியும் அந்த லாரி இல்ல. அந்த ஒருத்தனை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன், சாகுற வரைக்கும். அந்த வேலையை என்கிட்ட விட்டுடுங்க. எனக்குத் தெம்பு இருக்கு.

பல் தேய்க்கையில நினைக்கலைன்னா குளிக்கையில நினைச்சுக்கலாம். நோயில கிடந்தாத்தான் பெத்த பாசம்னா, நோஞ்சானுங்க மட்டும்தான் உலகத்துல அப்பனா? நான் நாள் பூரா சூடான விரிப்போட மல்லுக்கட்டுறேன், சாப்பிடுறேன், சண்டை போடுறேன், கூலி குறைச்சா சூப்பர்வைசர்கிட்ட கத்துறேன். நான் என்ன மறந்தவளா? பாப்பா உங்க சோர்வுல குடியிருக்கல. அவளுக்கு ஒரு இடத்துல இருப்புக் கொள்ளாது. அந்த மாதிரி இடத்துல ஒரு மணி நேரம் இருக்க மாட்டா.

ஸ்கூல்ல அவ பெருமை அடிப்பாளே, "எங்கப்பாவுக்கு லாரியெல்லாம் தீப்பெட்டி"ன்னு. நீங்களும் அதையே எழுதியிருக்கீங்க. அந்தத் தீப்பெட்டிங்களுக்குக் கீழ உக்காந்து சீட்டு எழுதிக்கிட்டிருக்கிறது எனக்குப் பிடிக்கல. உடம்பைத் தேத்திக்கிட்டு மறுபடி மேல ஏறுங்க.

இப்ப தோள்.

தோளில் யார் சாயப் போகிறார்கள்னு எழுதிட்டீங்க. எப்படிங்க மனசு வந்துச்சு? அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல டாக்டர் வெளிய வந்து தலையை ஆட்டினப்ப நான் எங்க விழுந்தேன்? உங்க இடது தோள்ல. சட்டையெல்லாம் நனைச்சேன், நீங்க அசையல. அதுக்கப்புறம் நான் அழலைங்க. யாருக்கும் தெரியாது, நெட்டச்சிக்குத் தெரியும். விரிப்புல அழுதா கறைன்னு திரும்பத் துவைக்கச் சொல்றாங்க. தலையணையில அழுதா அது நம்மளைத் திரும்பிப் பாக்காது. உங்க தங்கச்சி தோள்ல அழுறதுக்கு நான் அந்தக் குழாய்கிட்டயே அழுவேன். எனக்கு அழறதுக்குன்னு இருக்கிற இடம் அது ஒண்ணுதான். ஒரு வருஷமா எனக்கு எட்டாம சுவர் பக்கம் வச்சிருந்தீங்க. இப்ப அதுல மருந்தைத் தடவிக்கிட்டு, கழுவாம தொடாதேம்பீங்களா? எனக்கு அழுகை வந்தா நீங்க சோப்பு போட்டுக் கழுவிட்டு வர வரைக்கும் நிக்குமா அது?

லாண்டரியில லீவு சொல்லிட்டேன். குடுக்கலைன்னா வேலையை விட்டுடுவேன்னேன், குடுத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்க கேட்டுக்கு வரேன். சீட்டு இல்லாம உள்ள விட மாட்டீங்கன்னா எழுதி வைங்க. பீரோ மேல இருக்கிற அந்த விரிப்பையும் கொண்டு வரேன். எதிர்முனையை நீங்கதான் பிடிக்கணும். கை நடுவுல நின்னா நிக்கட்டும், நான் நடந்து வந்துக்கிறேன்.

திங்கட்கிழமை டாக்டர்கிட்ட நானும் வரேன். கண்ணை மூடிக்குங்க, கையை நான் பிடிச்சுக்கிறேன். கத்தணும்னா கத்துங்க. யாராவது சிரிச்சா நான் பாத்துக்கிறேன்.

களிம்பெல்லாம் வேண்டாம். ஊசியே போட்டுக்குங்க. தோள் எனக்கு வேணும்.

பாப்பாம்மா