உழியக் கூடாத கால்

குடல் ஆபரேஷன் முடிந்து வீடு வந்த திரவியத்துக்கு இடது கால் வீங்கிவிட்டது. டாக்டரை மறுபடியும் கூட்டிவரப் புறப்பட்ட மனைவி வடிவாம்பாள், கோயிலுக்குப் போயிருந்த கணவரின் அக்காள் பொன்னம்மைக்குக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்:

“மைனி, ரேஷனரிசிக் கஞ்சி அடுப்பில் இருக்கு, ஆற வச்சுக் குடுங்க. காலை மட்டும் தைலம் தேய்ச்சு உழியாதீங்க. இது வாதமில்லை. ரத்தக்குழாயில் ரத்தம் உறைஞ்சிருக்கு. உழிஞ்சா அந்தக் கட்டி நெஞ்சுக்குப் போய் உயிரை எடுத்திரும்னு டாக்டர் சொல்லியும் நேற்று உழிஞ்சிருக்கீங்க. உங்க தைலத்தை ஓடையில் கொட்டிட்டேன்.”

அவள் எழுதுவதைப் பார்த்துக் கட்டிலிலிருந்து திரவியம் முனகினார். “அக்காளை ஏசாத. நாந்தான் தடவச் சொன்னேன்.”

வடிவாம்பாள் தாளின் அடியில் நெருக்கி எழுதி, காலித் தைலக் குப்பியை அதன்மேல் வைத்தாள்:

“அவரே கேட்டாலும் தொடாதீங்க. அவருக்கு உங்க கை வேணும். எனக்கு அவர் வேணும்.”