வால்வு முனையில் நெயில் பாலிஷ்

அன்பு வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், வண்டியும் சுகம் என்று எழுத இன்றைக்குத்தான் எனக்கு வாய்த்தது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் இருக்கிற குட்டியும் எப்படி இருக்கிறீர்கள் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. போன தடவை போனில் கால் வீங்குகிறது என்றாய், உட்காரும்போது காலைத் தொங்கப் போடாதே, ஒரு முக்காலியை இழுத்து அதன்மேல் தூக்கி வைத்துக்கொள். இங்கே காலையிலிருந்து மழை, அம்மாவின் பட்டறைத் தகரக் கூரையில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன், நடுநடுவே கண் சொக்கி எழுத்து கோணும், கடைக்கடையாக போர்டு எழுதுகிறவன் கையெழுத்தா இது என்று கேலி பண்ணாதே.

விஷயம் வண்டியைப் பற்றியதுதான். வண்டி என்றதும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே அம்மாடி. உன் கல்யாணத்துக்குக் கிளம்பி, மலைப் பாதையில் ரேடியேட்டர் கொதித்து, முன்னாலும் பின்னாலும் மண் சரிந்து, அங்கே உனக்குக் கல்யாணம் ஆகிற நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் மூடுபனிக்குள் உட்கார்ந்திருந்தோம். நீ என்னையா பெத்தே, அந்த வண்டியத்தான் பெத்தே என்று அன்றைக்குப் போனில் அம்மாவைக் கேட்டாய். அதோடு உங்களுக்குள் பேச்சு நின்றது, நான் நடுவில் தபால்காரன் ஆனேன். பிளேன் என்றால் அம்மாவுக்கு ஏறும் முன்பே மூச்சடைக்கும், அது சின்ன வயதிலிருந்தே உனக்குத் தெரிந்ததுதான், கோபத்தில் மறந்துபோயிற்று. பிரசவத்துக்கு யாரும் வர வேணாம்ப்பா, நானே பாத்துக்கறேன் என்று போன மாதம் நீ என்னிடம் சொன்னதை அவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மறுநாள் பட்டறைக்குப் போய்ப் பார்க்கிறேன், என்ஜினின் மேல்பாகம், அதுதான் ஹெட், கழன்று பெஞ்சின்மேல் கிடக்கிறது.

மலையில் கொதித்ததில் ஹெட்டின் அடிப்பக்கம் லேசாக வளைந்திருந்ததாம், ஊருக்குள் ஓட்ட அது போதுமாக இருந்தது. லேத்காரரிடம் கொடுத்து அடியைச் சீவி வாங்கினாள், தேய்ந்த வால்வுகளை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் நீளமான வால்வு போட்டாள். அங்கேதான் சிக்கல் வந்தது. கீழே சுற்றுகிற கேம், அதாவது மேடு வைத்த தண்டு, வால்வை நேராகத் தொடாது, நடுவில் புஷ்ராடு என்று ஓர் இரும்புக் குச்சி உண்டு, அது ராக்கர் என்கிற சின்னக் கையை நெம்ப, அந்தக் கை வால்வின் தலையில் அழுத்தும். சீவியதில் ஹெட் கீழே இறங்கிவிட்டது, புது வால்வோ மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது, ஆக மொத்தம் குச்சி எவ்வளவு நீளம் வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. பழசையே போட்டு நட்டை முடுக்குங்கம்மா, நல்லா ஓடும் என்றார் லேத்காரர். ஊருக்குள்ள ஓடும், மலை ஏறுமா, ராக்கர் ஓரத்துலயே உரசி உரசி வால்வையும் அது போய் வர்ற குழாயையும் தின்னுடும், மறுபடியும் பாதி வழியில நான் நிக்கணுமா என்று அம்மா கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவள் எங்கே கிளம்பிக்கொண்டிருக்கிறாள் என்று.

பழைய குச்சி ஒன்றை அறுத்து, நடுவில் மறை போட்டு, நீட்டவும் குறுக்கவும் ஆகிற மாதிரி ஓர் அளவுக் குச்சி செய்தாள். வால்வின் தலையில் ஏதாவது பூசிவிட்டு என்ஜினைக் கையால் சுற்றினால், ராக்கர் உரசின இடத்தில் கோடு விழும், கோடு மெல்லிசாக நட்டநடுவில் விழுந்தால் அதுதான் சரியான நீளம். பூசுவதற்கு உன் அலமாரியில் நீ விட்டுப்போன சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து வந்தாள். பூசுகிற வேலை என்னுடையது, சுற்றுகிற வேலையும் என்னுடையது. மெதுவாகச் சுற்றச் சுற்ற ராக்கர் குனிந்து வால்வை உள்ளே அனுப்பும், அது திரும்ப எழுந்து வரும், ஒரு சத்தமும் இல்லை, வெளியே மழை மட்டும். வண்டி மலையில் மேகத்துக்குள் ஏறுகிற மாதிரியும், வளைவு தாண்டினால் உன் வீட்டு விளக்கு தெரிகிற மாதிரியும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. போதும் நிறுத்துங்க, எந்த ஊருக்குப் போயிட்டீங்க என்று அம்மா அதட்டினால்தான் திரும்பி வருவேன்.

ஆனால் கோடு விழவில்லை. குச்சியை நீட்டினாலும் குறுக்கினாலும் அகலமாக அப்பின மாதிரி ஒரு தடம்தான். இப்படியே போயிற்று. ஹெட்டே கெட்டுப்போயிருக்கு, இது மலைக்கு ஆகாது, விட்டுடலாம், அவதான் வர வேணாம்னுட்டாளே என்று சொல்லி அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஒரு வேலையை விட்டுடலாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வால்வின் தலையை நகத்தால் சுரண்டினாள், பாலிஷ் தோல் மாதிரி மொத்தமாக உரிந்து வந்தது. இவ்ளோ கனமா இருந்தா கோடு எப்படி விழும், எத்தனை கோட் பூசினீங்க என்று கேட்டாள். இரண்டு என்றேன். போர்டு எழுதுகிற பழக்கம், முதல் கோட் காய்ந்ததும் இரண்டாவது தானாகப் போய்விடுகிறது, பளபளப்பாக வந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமை வேறு. அதைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு எங்கேயோ போய் அழுகையில் முடிந்தது. அவளுக்கும் இப்படித்தான் ரெண்டு கோட் பூசி விடுவீங்க, அவ விரலை விரிச்சு வெச்சுகிட்டு காயற வரைக்கும் அசையாம உக்காந்திருப்பா என்றாள். உன் கல்யாணத்துக்கு அப்புறம் உன்னைப் பற்றி அவளாக வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

மறுபடி பெயருக்கு ஒரு கை பூசினேன். கோடு விழுந்தது, தலைமுடி மாதிரி, நட்டநடுவில். மற்ற வால்வுகளிலும் பார்த்துவிட்டு அந்த அளவுக்கே எல்லாக் குச்சிகளும் செய்யச் சொல்லி வாங்கிப் போட்டாள். நேற்று என்னையும் மணல் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கல் குவாரி மேட்டில் நாள் முழுக்க ஏற்றி இறக்கிப் பார்த்தாள், என்ஜின் சூடு காட்டுகிற முள் நடுவை விட்டு அசையவில்லை, என்ஜின் தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது. நான் பின்னால் மூட்டைமேல் சாய்ந்து தூங்கியேவிட்டேன்.

மழை விட்டதும் கிளம்புகிறோம். நீ வேண்டாம் என்று சொன்னதை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். வேணாம்னு சொல்றதா இருந்தா நான் வந்து இறங்கினதும் வாசல்ல நின்னு என் மூஞ்சியப் பாத்து சொல்லச் சொல்லுங்க என்றாள். அப்படியே எழுதியிருக்கிறேன், தபால்காரன் வேலை இதோடு முடிந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நீயும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருப்பீர்கள். நாங்கள் நின்று நின்று மெதுவாகத்தான் வருவோம், கடிதம் முந்திக்கொள்ளும். மறக்காமல் வாசல் கேட்டை இரண்டு பக்கமும் திறந்து வை, வண்டி அகலம். மிச்சம் இருக்கிற நெயில் பாலிஷை அம்மா தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள், உன் விரலுக்கு ஒரு கோட் வரும்.

என்றும் உன்,
ரெண்டு கோட் அப்பா