உங்கள் வண்டிக்குப் புரை எடுத்தேன்

மூடுபனிக்குள் மோந்து பார்த்தே அடுத்த வளைவு எது என்று சொல்லிவிடுவேன் என்று கொடைக்கானல் டாக்ஸி ஸ்டாண்டு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்த என் அன்பு வீட்டுக்காரருக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அங்கிருந்தே சிரிப்பீர்கள். அதனால் கேட்கவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நேற்று முட்டைக்கோஸ் பொரியலில் உப்பு கூடிப்போனது. குறை சொல்ல நீங்கள் இல்லை, நானே என்னைத் திட்டிக்கொண்டு சாப்பிட்டேன்.

சேதி என்னவென்றால், உங்கள் வண்டியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். நீங்கள் போன பிறகு ஆறேழு மாதம் அது வாசலில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒருநாள் தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். இந்த ஒரு வருடமாகக் காலையில் நான்கு டீச்சர்களை மேல்மலைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருகிறேன். "கிளச்சு எது பிரேக்கு எதுன்னு தெரியாத சென்மம்" என்பீர்களே என்னை, இப்போது என்ன சொல்கிறீர்கள்?

ஆனால் உங்கள் மேல் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதைத் தீர்க்கத்தான் இந்தக் கடிதம்.

நினைவிருக்கிறதா, ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் கண்ணாடி மங்கி மஞ்சளாகிக்கொண்டு வருகிறது, என்னவென்று பாருங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். "போடி கூறுகெட்டவளே. பனிக்கு மஞ்ச வெளிச்சந்தான் எடுக்கும். அவனவன் மஞ்சத்தாள வாங்கி லைட்டுல ஒட்டிக்கிட்டு அலையிறான். நமக்கு அந்தப் பழனி முருகனே சும்மா ஒட்டிக் குடுத்திருக்கான், அதைப் போயி தொடைக்கச் சொல்றா."

நானும் நம்பினேன். இருபது வருடம் மலையில் வண்டி ஓட்டிய மனுசன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம். பள்ளிக்கூடம் விட்டு ஐந்தாறு கிலோமீட்டர் வந்திருப்போம், பனி இறங்கிவிட்டது. லைட்டைப் போட்டேன். போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான். பானட்டுக்கு அந்தப்பக்கம் உலகமே இல்லை. ஒரு வளைவில் ஓரமாக நிறுத்தினேன், அதற்கு மேல் கால் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு பால்வண்டி வந்தது. அதன் பின்பக்கச் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் நான்கு பேரில் மூத்தவரான ஸ்டெல்லா டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கண்ணை ஒரு தடவ செக் பண்ணிருங்க. இப்படியே போனா, லீவு முடிஞ்சு ஜனவரியிலேருந்து வேற வேன் பாக்கலாம்னு மத்தவங்க சொல்றாங்க." அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சம்பாத்தியம் போகும் என்பது ஒரு பக்கம். அதைவிட, நமக்கு இந்த ஸ்டியரிங் ஒத்து வராது, நாம் டிரைவரே இல்லை, என்னமோ இத்தனை நாள் விளையாடிக்கொண்டிருந்தோம் என்று தோன்றிவிட்டது பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

கண் டாக்டரிடம் போனேன். எழுத்தெல்லாம் படிக்கவைத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு தங்கமா இருக்கும்மா, எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். வெளியே வந்தேன். நம் வண்டிக்குப் பக்கத்தில் யாரோ புதுக்கார் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். அதன் லைட்டைப் பார்த்தேன், நம்முடையதைப் பார்த்தேன். புரை விழுந்தது எனக்கில்லை, வண்டிக்கு!

அந்த இடத்தில் வைத்து உங்களைத் திட்டியது உங்கள் காதில் விழுந்திருக்கும்.

மஞ்சள் பல்பு வேறு, அழுக்கேறிய கண்ணாடி வேறு என்று உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா? நான் யோசித்து யோசித்து ஒன்று கண்டுபிடித்தேன். நீங்கள் அந்த லைட்டை வைத்து ஓட்டவே இல்லை. எந்தப் பள்ளம் எங்கே, எந்த மரத்துக்கு அப்புறம் வளைவு என்று எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். வெளிச்சமே இல்லாவிட்டாலும் ஓட்டியிருப்பீர்கள். எனக்கு அந்த மனப்பாடம் ஏது?

இந்த லட்சணத்தில், வண்டி ரோட்டில் ஓடத் தகுதி என்று சர்க்கார் தருகிற எப்.சி. எடுக்கவும் நாள் வந்துவிட்டது. மலைக்குக் கீழே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆபீசர் லைட்டைப் போடச் சொல்லிப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டார். "இது ஆகாதும்மா. மாத்திட்டு வாங்க, இல்ல தெளிய வச்சுட்டு வாங்க." மாற்றலாம் என்றால் நம் வண்டி பழைய மாடல், சாமான் வரவே மாதம் ஆகும் என்றார்கள். எனக்கு இருந்தது அரையாண்டு லீவு ஒன்றுதான். பள்ளிக்கூடம் திறக்கும் அன்று எப்.சி. கையில் இல்லையென்றால் டீச்சர்கள் வேறு வேனில் ஏறிவிடுவார்கள்.

சரி, நானே தேய்க்கிறேன் என்று செல்போனில் வீடியோ பார்த்து இறங்கினேன். முதலில் பேஸ்ட், பல் விளக்குகிற பேஸ்ட்தான். துணியில் வைத்துத் தேய்த்ததும் பளபளவென்று ஆனது. அடடா, இவ்வளவுதானா என்று குதித்தேன். நான்காம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

அப்புறம்தான் வாட்டர் பேப்பர் வாங்கி வந்தேன், தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள். சுற்றிலும் பெயிண்டில் படாமல் டேப் ஒட்டி, ஆயிரம் நம்பர் தாளை நனைத்துத் தேய்த்தேன். ஐயோ, மஞ்சள் மஞ்சளாக வழிந்து வாளியே கலங்கிவிட்டது. உங்கள் முருகன் ஒட்டிக் கொடுத்ததெல்லாம் சாக்கடையில் ஓடியது. துடைத்துப் பார்த்தால் கண்ணாடி வெள்ளை வெளேரென்று மாவு பூசியது போல நிற்கிறது. முன்னால் இருந்ததையும் கெடுத்துவிட்டேனே என்று படியில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்களே, அதேதான். உங்கள் கை பட்ட வண்டியைச் சுரண்டுகிறோமே என்ற குற்ற உணர்ச்சி வேறு.

ஆனால் விடவில்லை. நம்பர் ஏற ஏற தாள் மெத்தென்று ஆகும். ஆயிரத்து ஐநூறு, இரண்டாயிரம், மூவாயிரம் என்று தோள்பட்டை கழலும் வரை தேய்த்து, பாலிஷ் போட்டுத் துடைத்தேன். உள்ளே பல்பு தெரிந்தது! உள்ளே ஒரு செத்த கொசு கிடக்கிறது, அதன் கால்கூடத் தெரிந்தது. தனியாக நின்று கை தட்டினேன்.

இத்தோடு முடித்திருந்தால் நான் உங்கள் பெண்டாட்டியாக இருக்க முடியுமா? வெயிலில் மறுபடி மங்காமல் இருக்க மேலே ஒரு பூச்சு ஸ்பிரே அடிக்க வேண்டும். வீடியோவில் "நல்ல வெயில்ல அடிங்க" என்றான். அவன் சமவெளிக்காரன். நம் வீட்டு வாசலில் பதினொரு மணிக்குச் சுள்ளென்று அடித்த வெயிலை நம்பி அடித்தேன். அடித்து ஐந்து நிமிடம் இருக்காது, ஏரிப்பக்கமிருந்து பனி ஏறி வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டது. ஈரம் பட்டுப் பூச்சு பால் திரிந்ததுபோல் ஆகிவிட்டது. கொடைக்கானலில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு இது தெரிய வேண்டாமா? துணி காயவைக்கவே மூன்று நாள் ஆகிற ஊரில் பெயிண்ட் காயும் என்று நம்பியிருக்கிறேன்.

மறுபடி எல்லாவற்றையும் தேய்த்து எடுத்தேன். மறுநாள் வெள்ளனே கிளம்பி, பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாகப் பெரும்பாறைக்கு இறங்கினேன். என் தங்கச்சி காமாட்சி வீட்டுக் களத்தில் வெயிலுக்குப் பஞ்சமா? ஆனால் களம் முழுக்கக் காப்பிப்பழம் காய்கிறது. ஸ்பிரே டப்பாவோடு நான் இறங்கியதைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்துவிட்டாள்.

"ஏக்கா, ஒனக்கு வேற சோலியே இல்லையா? காப்பில பெயிண்டு நாத்தம் ஏறுச்சுன்னா எந்த யாவாரி வாங்குவான்?"

"காத்துக்கு அந்தப்பக்கம் நிறுத்துறேன்டி. அரை மணி நேரந்தான்."

"மச்சான் இருந்தப்ப அவரு வந்து என் உசுர வாங்குவாரு. இப்ப நீ வந்து வாங்குற" என்றாள். சொல்லிவிட்டுத் தானே ஒரு பழைய சேலையை எடுத்து வந்து, தூசி பறந்து ஒட்டாமல் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. "வெரசா அடிச்சுத் தொலக்கா, கை கடுக்குது!" நடுவில் உங்களை நினைத்து இரண்டு பேரும் ஒரு மூச்சு சிரித்தோம். அப்புறம் ஒரு மூச்சு அழுதோம். பூச்சு கண்ணாடிபோலக் காய்ந்தது.

எப்.சி. கிடைத்துவிட்டது. ஆபீசர் லைட்டைத் தொட்டுப் பார்த்து, "புதுசா?" என்று கேட்டார். "பழசுதான் சார், நான் தேய்ச்சது" என்றேன். இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று சாயங்காலமே பனி. டீச்சர்கள் நான்கு பேரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். லைட்டைத் தாழ்த்திப் போட்டேன். ரோட்டோர வெள்ளைக்கோடு தெரிந்தது, கைப்பிடிச் சுவர் தெரிந்தது, அதற்கு அப்பால் வளைவே தெரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் ஹாரனை அடித்துவிட்டேன். "என்னக்கா?" என்று பதறினார்கள். "சும்மா" என்றேன்.

அப்புறம் ஒரு ஏற்றம். மேலிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவர் நிற்கவே இல்லை. மூக்கோடு மூக்காக வந்து நிறுத்தி, ஹாரனை அலறவிட்டு, தலையை வெளியே நீட்டி, "ஏய், பின்னால எடு! ஊருக்குப் புதுசா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருடமாக இந்த ரோட்டில் ஒருவரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. எல்லோரும் தூரத்திலேயே ஒதுங்கி நிற்பார்கள். "ஏறுற வண்டிங்க இது. நீங்கதான் ஒதுங்கணும்" என்று நானும் கண்ணாடியை இறக்கிக் கத்தினேன்.

குரலைக் கேட்டதும் அவர் இறங்கியே வந்துவிட்டார். "அட, அக்காவா! அண்ணன் வண்டியா இது? ரெண்டு மஞ்சக் கண்ணு தெரிஞ்சாலே அண்ணன் வண்டி வருதுன்னு நாங்கள்லாம் ஒதுங்கிருவோம்க்கா. அவரு போனப்பறமும் அப்படித்தான். இன்னிக்கி வெள்ளையா வரவும் எவனோ டூரிஸ்ட்டுன்னு நெனச்சுட்டேன்."

ஒரு வருடமாக என் ஓட்டுதலுக்கு மரியாதை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேனே, அத்தனையும் உங்களுக்கு விட்ட வழியா? நீங்கள் போயும் எனக்கு முன்னால் போய் வழி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். அதை நானே உட்கார்ந்து தேய்த்து எடுத்துவிட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதேன், டீச்சர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று.

அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னேன். "தம்பி, இனிமே இந்த வெளிச்சம் வந்தா நாந்தான். நல்லாப் பாத்து வச்சுக்கங்க."

"சரிங்கக்கா" என்று பஸ்ஸைப் பின்னால் எடுத்தார்.

நேற்று அதே ஏற்றம், அதே பஸ். பனிக்குள் தூரத்திலேயே ஓரங்கட்டி, லைட்டை ஒருமுறை அணைத்துப் போட்டுக் காட்டினார். இது உங்களுக்கு இல்லை, எனக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் எத்தனை பேருக்கு ஒதுங்கி நின்றிருந்தால் இத்தனை பேர் உங்களுக்கு ஒதுங்கியிருப்பார்கள்? இப்போது ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் இறங்கி வரும்போது, எதிரே ஏறி வருவது ஊர்க்காரரோ வெளியூர்க்காரரோ, யாரென்று பார்க்காமல் முதலில் ஒதுங்கி நிற்பது நானாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பெண்டாட்டி,
மேல்மலை டிரைவர் பாண்டியம்மாள்