கிரீஸ் வேண்டாத சக்கரம்

அண்ணாச்சி,

பென்சிலால் எழுதுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் உள்ளங்கையின் ஓரம் கறுத்து மினுங்குகிறது. ட்ராலிச் சக்கரத்தின் புஷ் வளையங்களைக் கழற்றிய நாட்களில் உங்கள் விரல்களும் இப்படித்தான் மினுங்கும்.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடை மாடியில் ஞாயிறுதோறும் தமிழ் சொல்லித் தருகிறார்கள். எழுபத்தொரு வயதில் 'ழ' எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுவதும் சந்தோஷமாக இருந்தேன்.

விழிஞ்ஞத்துப் படகு யார்டில் நீங்கள் ஃபிட்டர், நான் கிரீஸ் வைப்பவன். படகைக் கரையேற்றும் ட்ராலி தண்டவாளத்தில் கடலுக்குள் இறங்கி ஏறும்போதெல்லாம் அலை கிரீஸைக் கழுவிவிடும். நான் அடியில் படுத்து மறுபடியும் அப்புவேன். டீக்கடையில் பேப்பரை விரித்து, பக்கம் பக்கமாகத் திருப்பி, படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். நீங்களும் நம்பினீர்கள்.

மகளின் பிரசவத்துக்காக நீங்கள் நாகர்கோவில் போன அன்று, விடியற்காலையிலேயே வந்து புது புஷ்களை மாட்டிவிட்டு, தம்பானூரில் பஸ் பிடிக்க ஓடிவிட்டீர்கள். நான் வந்தபோது ட்ராலியின் பக்கவாட்டுத் தூணில், அலை எட்டாத உயரத்தில், சாக்பீஸில் ஏதோ எழுதியிருந்தது. பக்கத்தில் சக்கரத்தைக் காட்டி ஓர் அம்புக்குறி. அங்கேதான் அதிகம் வைக்கச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். தினமும் இரண்டு மடங்கு அப்பினேன்.

நீங்கள் திரும்பி வந்த அன்று, பாதிப் படகு கடலில் இருக்கும்போதே சக்கரம் கிறீச்சிட்டு இறுகி நின்றது. அலை பின்னால் மோதிக்கொண்டிருந்தது. நீங்கள் குனிந்து ஒரு விரல் வழித்தெடுத்தீர்கள். அரைத்த மாவுபோல, மணலும் கிரீஸும்.

சூப்பர்வைசர் மறுபக்கத்திலிருந்து கத்தினார். "ஆராக்கும் இதுல கிரீஸ் வச்சது? ஒண்ணும் எழுதி வைக்கலியா?"

படிக்கத் தெரியாது என்பதற்காக ஒரு காவலாளியை அவர் முந்தின மாதம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். நீங்கள் எழுத்தைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். அப்படியே ட்ராலியில் சாய்ந்து, முதுகால் அதை அழித்தீர்கள்.

"எழுதணும்னுதான் நெனச்சேன் சாரே. பஸ்ஸுக்கு ஓடுன ஓட்டத்துல மறந்துபோச்சு."

எனக்கு விழவேண்டிய வசவை நீங்கள் நின்று வாங்கினீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றிச் சக்கரங்களைக் கழுவி, படகை மேலே ஏற்றியபின், கழற்றிய ஒரு புஷ்ஷைக் காட்டினீர்கள். வெண்கல வளையம், உடம்பெல்லாம் துளை, துளைதோறும் கறுப்பு.

"அம்மை போட்ட மாதிரில்லா இருக்கு" என்றேன்.

"பென்சில்ல உள்ள அதே கரிதாண்டே. அச்சு சுத்தச் சுத்த இது துளித்துளியாத் தேஞ்சு, அதுமேல தோலு மாதிரி படியும். கடல்தண்ணி கழுவாது. பசையில்ல, அதனால மணலும் பிடிக்காது. நாம கிரீஸ் வச்சா அந்தத் தோலு படியாது, மணலுக்குத்தான் சௌகரியம்."

'நாம' என்றீர்கள். 'நீ' என்று சொல்லவில்லை.

மறுநாள் ட்ராலியில் எழுத்து இல்லை, ஒரு படம் இருந்தது. குறுக்கே பெருக்கல் குறி போட்ட ஏதோ ஒன்று.

"என்ன அண்ணாச்சி, பூசணிக்காயா?"

"வாய மூடுலே. கிரீஸ் டின்னாக்கும்."

அதற்குப்பிறகு நீங்கள் எனக்கு எல்லாவற்றையும் வரைந்தே காட்டினீர்கள். ஏன் என்று கடைசிவரை நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று யார்டில் புது புஷ் மாட்டினார்கள். வேடிக்கை பார்க்கப் போனவன் சாக்பீஸ் கேட்டு வாங்கி, 'இங்கே கிரீஸ் வேண்டாம்' என்று எழுதி, அம்புக்குறியும் போட்டேன். "தாத்தா, நீரு முடிக்கதுக்குள்ள படகுக்கு வயசாயிரும்" என்றார் ட்ராலியை இழுக்கும் வின்ச் ஓட்டுபவர். எனக்குக் கோபம் வரவில்லை. நான்கு தடவை படித்துப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

அப்போது வங்காளத்துத் தொழிலாளி ஒருவர் டின்னோடு வந்தார். என் எழுத்தைப் பார்த்தார். அம்புக்குறியைப் பார்த்தார். தலையாட்டிவிட்டு, மூடியைத் திறந்தார்.

அவசரமாக அவர் கையைப் பிடித்தேன். எழுத்துக்குக் கீழே ஒரு டின் வரைந்து, குறுக்கே கோடு போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மூடியை மூடினார்.

என் டின்னும் பூசணிக்காயாகத்தான் வந்தது, அண்ணாச்சி.